வள்ளித்தாய் சொல்லிக்கொடுத்த முகம்

2006-ஆம் வருடம் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வள்ளித்தாய் என்னிடம் ஒரு பொய் சொன்னாள். நானும் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது என்று சொல்வதுதான் நியாயம்.

அப்போது நான் சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுக்கும் ஆசிரியை. நடக்க முடியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும் பெயரைப் படிவத்தில் ஏற்றி, படிப்புக்கு ஒரு வழி பார்க்க வேண்டும். ஒப்பந்தச் சம்பளம், கையில் தடித்த ஃபைல், மூக்குக்கு மேல் கோபம். இவற்றோடுதான் ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே இருந்த அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். மற்ற நாட்களில் பாதித் தெரு பட்டாசு ஆலை வேனில் ஏறிப் போய்விடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போயிருந்தேன். வாசலுக்கு வாசல் ஆட்கள் இருந்தார்கள். ஒரு பிள்ளையைக்கூடக் காணவில்லை. பதிமூன்று வீட்டுத் தெருவில் ஒரு பிள்ளையும் இல்லையென்றால் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

வள்ளித்தாய் வீட்டு நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றாள். முப்பது வயதிருக்கும். ஒல்லி. பட்டாசு ஆலையில் திரி செருகும் வேலை. "ஒரே மக டீச்சர். நாலாப்பு படிக்கா. சித்தி வீட்டுக்குப் போயிருக்கா. ஒரு கொறையுமில்ல, நல்லா இருக்கா" என்றாள். இரண்டு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்தரைக்கு. நான் உள்ளே எட்டிப் பார்க்காமல் 'குறையில்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு நடையைக் கட்டினேன். அவள் முதுகுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி, கட்டிலுக்கடியில், அவளுடைய ஒன்பது வயது மகள் செல்வலட்சுமி மூச்சு காட்டாமல் படுத்திருந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அது பழகியிருந்தது. ஆலை வேலை முடிந்து வந்து, சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து வெடிக்கான காகிதக் குழாய் உருட்டுவார்கள். பிள்ளைகளும் கூட உட்காரும். இரண்டு வருடம் முன்னால் ஃபைலோடு வந்த அதிகாரிகள், பிள்ளைகளை வேலை வாங்குவது குற்றம் என்று சொல்லிப் பிள்ளைகள் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். குழாய்க்குக் காகிதம் தரும் ஏஜெண்டு மூன்று மாதம் அந்தத் தெருவை எட்டிப் பார்க்கவில்லை. சூடு கண்ட பூனைகள். அதற்குப் பிறகு ஃபைலோடு யார் வந்தாலும் ஒரு குரல் போகும், பிள்ளைகள் கண்மாய்ப் பக்கம் ஓடிவிடும். செல்வலட்சுமியால் ஓட முடியாது. அதனால் அவளுக்குக் கட்டிலடி.

ஐந்து வாரம் கழித்து வள்ளித்தாய் என்னைத் தேடி சாத்தூர் அலுவலகத்துக்கு வந்தாள். தீபாவளி சீசன் நேரம். சீசனில் ஒரு நாள் மட்டம் போட்டால் போர்மேன் மறுநாள் வேனில் ஏற்றலாம், ஏற்றாமலும் போகலாம். ஃபைலை உள்ளே வைத்துவிட்டு, அலுவலகத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நான் தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் பெரிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வியர்த்து வடிய வந்து நின்றாள். பிள்ளையின் கால் இரண்டும் கத்தரிக்கோல்போல் பின்னியிருந்தன. வலது கை முறுக்கிக்கொண்டு நெஞ்சோடு ஒட்டியிருந்தது. ஆளை அடையாளம் கண்டதும் டப்பாவை மூடி வைத்தேன்.

விஷயம் இதுதான். விருதுநகரில் செப்டம்பரில் ஒரு முகாம். மதுரையில் உள்ள ஒரு பள்ளிக்காரர்கள் வருகிறார்கள். கை கால் வராத, ஆனால் புத்தியுள்ள பிள்ளைகளைச் சேர்த்து, மற்ற பிள்ளைகள் படிக்கும் அதே பாடத்தைப் படிக்க வைக்கும் பள்ளி. எழுத முடியாத பிள்ளைக்கு எழுத ஆள் வைப்பார்கள். தங்குமிடமும் அங்கேயே. எங்கள் மாவட்டத்துக்கு அந்த வருடம் இரண்டே இடம். அதற்கான பட்டியல் என் கணக்கெடுப்பிலிருந்துதான் போயிருந்தது. வள்ளித்தாயோடு வேலை பார்க்கும் அதே தெருப் பஞ்சம்மாள் ஆலை வேனில் யாரிடமோ கேட்டு இதைச் சொல்லப் போக, வள்ளித்தாய்க்குத் தலை சுற்றிவிட்டது. தான் அன்று வாசலில் மறித்து அனுப்பியது எதை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

நான் நன்றாகத் திட்டினேன். வாசல்வரை வந்தவளிடம் பொய் சொல்லிவிட்டு இப்போது பட்டியல் முடிந்த பிறகு வந்து நின்றால் நான் என்ன மந்திரவாதியா என்று கேட்டேன். அவள் அழவில்லை, காலில் விழவில்லை. பிள்ளையை மரத்தில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, தான் எங்கெங்கே அலைந்தாள் என்று சொல்லத் தொடங்கினாள்.

மல்லாங்கிணறு பக்கம் மானாவாரிக் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பத்துப் பெண். மழை பொய்த்து, பதினோரு வயதில் தீப்பெட்டி ஆலைக்கு வந்தவள். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. கட்டிக்கொண்ட சங்கிலிமுத்து சிவகாசி அச்சகத்தில் காகித லோடு ஏற்றுகிறவன். பிரசவம் இரண்டு நாள் இழுத்தது. பிள்ளை பிறந்து வெகுநேரம் அழவேயில்லை. ஊர்ப் பள்ளியில் சேர்த்தாள். அங்கே மூலையில் சாக்கில் கிடத்தி வருகை மட்டும் போட்டார்கள். நாய் வந்து பக்கத்தில் படுத்ததைப் பார்த்த அன்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். டவுனில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான ஒரு மையத்தில் விட்டாள். காலையிலிருந்து மாலைவரை சிவப்பு மணி ஒரு கிண்ணத்தில், நீல மணி ஒரு கிண்ணத்தில். மூன்றாம் நாள் செல்வலட்சுமி கிண்ணத்தைத் தலையால் முட்டிக் கவிழ்த்தாள். "மொரட்டுப் பிள்ளைன்னு சொல்லிட்டாக." பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சிவகாசியில் பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் போனாள். பென்சில் பிடிக்காத பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு எப்படி வைப்பது என்று கேட்டு, தண்ணீர் கொடுத்து மரியாதையாக அனுப்பி வைத்தார்கள்.

"எம் மகளுக்கு மண்டை நல்லாருக்கு டீச்சர். ஒடம்புதான் கேக்க மாட்டேங்கு" என்றாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இதைச் சொல்லாத தாயை நான் பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். பையிலிருந்து மாதக் காலண்டர் தாள் ஒன்றை எடுத்து மண்ணில் விரித்தாள். அச்சகத்தில் கழித்துப் போட்ட தாள்களைச் சங்கிலிமுத்து வீட்டுக்குக் கொண்டுவருவான். அதில்தான் அந்தப் பிள்ளைக்குப் படிப்பு முழுவதும். எட்டும் ஒன்பதும் எத்தனை என்று கேட்டேன். இடது கை முட்டி காற்றில் அலைந்து அலைந்து 17-ல் வந்து உட்கார்ந்தது. தாய் கண்ணால் ஜாடை காட்டுகிறாளோ என்று அவளைத் தண்ணீர் பிடிக்க அனுப்பினேன். ஒரு சீட்டில், 'உன் தெருவில் எத்தனை வீடு?' என்று எழுதிக் காட்டினேன். வாய்க்குள் வாசித்துவிட்டு 13-ல் குத்தினாள். நான் பிறந்த வருடத்தைச் சொல்லி என் வயதைக் கேட்டேன். தாளில் 31-க்கு மேல் எண் கிடையாது. முட்டியை 3-ல் வைத்தாள், தூக்கி 2-ல் வைத்தாள். அப்புறம் என் தலையைப் பார்த்து என்னவோ குழறினாள். தண்ணீரோடு வந்த வள்ளித்தாயிடம் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அவள் தயங்கினாள். "அதுக்குள்ள நரைச்சுப்போச்சேங்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அவமானமாக இருந்தது. அன்றே மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன்: நான் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்காமல் குறி போட்டேன், தவறு என்னுடையது, இந்தப் பிள்ளையின் பெயரைச் சேர்க்க வேண்டும். எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. அவளுக்கு முகாமில் கடைசி எண் கிடைத்தது.

முகாம் ஒரு சனிக்கிழமை, விருதுநகரில் ஒரு பள்ளிக் கட்டடத்தில். விடியற்காலையில் பஸ் ஏற்றிவிட வந்த சங்கிலிமுத்து, "என்ன வேணாப் பேசு. நம்ம தெரு வேலையப் பத்தி மட்டும் வாயத் தொறந்துராத. பதிமூணு வீட்டு அடுப்பு" என்று பெண்டாட்டியிடம் மூன்று முறை சொன்னான். அவள் மூன்று முறையும் தலையாட்டினாள்.

நாற்பத்திரண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். பகல் மூன்று மணிக்குள் ஒரு இடம் போய்விட்டது. மல்லிப்புதூர்ப் பக்கத்துப் பையனுக்கு. மிச்சம் ஒன்று. நாலரைக்குச் செல்வலட்சுமியைக் கூப்பிட்டார்கள். தாய் உள்ளே வரக் கூடாது, வந்தால் பிள்ளை தாய் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லும் என்றார்கள். நான்தான் தூக்கிப்போய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் சீனிவாசகம் என்கிற மனநல நிபுணர். நரைத்த மீசை, இதமான குரல். அவர் கையெழுத்துப் போட்டால் இடம். மேஜை ஓரத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர், முன்னால் அடுக்கடுக்காக ஃபைலும் ஒரு முத்திரையும். சீனிவாசகம் பெயரைக் கேட்டார். செல்வலட்சுமி வாயை அரைகுறையாகத் திறந்துகொண்டு விட்டத்தைப் பார்த்தாள். படங்களைக் காட்டினார். எது மாடு என்று கேட்டார். எச்சில் ஒழுகியது. கண் எங்கேயோ நின்றது. மரத்தடியில் என் நரையைக் கிண்டல் செய்த பிள்ளையா இது?  இரண்டு முறை குறுக்கே போய், சார், என் கண்ணால் பார்த்தேன், கூட்டல் போடுவாள், வாசிப்பாள் என்றேன். ஆசிரியையும் தாயைப்போல் பேசக் கூடாது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இருபது நிமிடம் பொறுமையாகக் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் பேனா மூடியைத் திறந்து, தாயைக் கூப்பிடச் சொன்னார்.

வள்ளித்தாய் முந்தானையைக் கையில் சுருட்டியபடி வந்து நின்றாள். பிள்ளைக்கு நாம் பேசுவது புரியவில்லை, பக்கத்து ஊர் மையத்தில் விடுங்கள், உடம்பையும் கெடுத்துக்கொண்டு வீணாக அலையாதீர்கள் என்று சீனிவாசகம் மெதுவாகச் சொன்னார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜை மேலிருந்த ஃபைல்களைப் பார்த்தாள். 

"ஐயா, அது நாஞ் சொல்லிக்குடுத்த மொகம்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான். அவள் சொன்னாள். ஃபைல்காரர்கள் வந்தால் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் வாயைப் பிளந்துகொண்டு விட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறாள். கட்டிலடியில் கண்டுபிடித்தாலும், இதனிடம் என்ன கேட்பது என்று போய்விடுவார்களாம். தினமும் கண்ணாடியைக் காட்டிப் பழக்கியிருக்கிறாள். பிள்ளை அதை ஒரு அணுவும் பிசகாமல் செய்துகொண்டிருந்தது.

"சரி, இப்ப மறைக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் சீனிவாசகம்.

வள்ளித்தாய் மகள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "தாயீ, போதும். இவுக நல்லவுக. பதில் சொல்லு தாயீ." செல்வலட்சுமி கண்ணை விட்டத்திலிருந்து எடுக்கவில்லை. வள்ளித்தாய் முகவாயைத் தொட்டுக் கெஞ்சினாள். பிள்ளை அசையவில்லை. அப்போதுதான் வள்ளித்தாய்க்கு மிச்சமும் நினைவுக்கு வந்தது. முன்பு வந்த அதிகாரி ஒருத்தர் பிஸ்கட்டைக் கொடுத்து, ஒரு தாயை விட்டே மகனைக் கூப்பிட வைத்து, எல்லா விவரத்தையும் கறந்துவிட்டார். அதனால் இவள் இன்னொன்றும் சொல்லி வைத்திருந்தாள்: "நானே கெஞ்சினாலும் நம்பாத."

மேஜை ஓரத்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். சீனிவாசகத்தின் பேனா தாளைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. வள்ளித்தாய் எழுந்தாள். ஒரு கணம் ஃபைல் வைத்திருந்தவரைப் பார்த்தாள். அவர் முன்னால் எதைச் சொல்லக் கூடாது என்று காலையில் மூன்று முறை தலையாட்டியிருந்தாளோ, அதைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள்.

தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் உருட்டுகிறோம். பிள்ளைகளும் உருட்டும். எம் மகள் கையால் ஒன்றும் செய்ய மாட்டாள். தெருப் பெண்கள் சாயங்காலம் வந்து கட்டு எண்ணிக்கையைச் சொல்வார்கள், மொத்தக் கணக்கையும் மனசில் வைத்திருப்பது இவள்தான். யாராவது தப்பாகச் சொன்னால் வீடு இடிய ஊளையிடுவாள், தாங்க மாட்டாள். இதையெல்லாம் அந்த ஃபைல்காரரிடமே சொன்னாள். அவர் பேனாவை எடுத்து எழுதுவது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை.

"பதிமூணு வீடுங்கய்யா. நேத்து வீட்டுக்குப் பதினேழு கட்டு. ஆக மொத்தம் எரநூத்திப் பதினொண்ணு."

ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையின் கண் விட்டத்திலேயே நின்றது.

"எரநூத்திப் பதினொண்ணு" என்றாள் மறுபடி, மகளைப் பார்க்காமல். "பஞ்சம்மாகிட்டயும் அதத்தான் சொல்லிருக்கேன்."

செல்வலட்சுமியின் உதடு துடித்தது. கண் விட்டத்திலிருந்து இறங்கியது. பிறகு அந்தக் கட்டடமே அதிரும்படி ஒரு ஊளை. இடது கை மேஜையை ஓங்கி அறைந்தது. முத்திரை உருண்டு கீழே விழுந்தது. வள்ளித்தாய் பாய்ந்து காலண்டர் தாளை விரித்தாள். பிள்ளை கோபத்தில் நடுங்கிக்கொண்டே முட்டியை 22-ல் குத்தினாள். அப்புறம் 1-ல். அப்புறம் தாயை முறைத்தாள்.

சீனிவாசகம் தாள் ஓரத்தில் பதிமூன்றைப் பதினேழால் பெருக்கிப் பார்த்தார். இருநூற்று இருபத்தொன்று. பேனாவை மூடி வைத்தார். தாயை வெளியே போகச் சொன்னார். இந்த முறை நாற்காலியைப் பிள்ளை பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஃபைல்களையெல்லாம் மேஜையிலிருந்து எடுக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். அவர் வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. படியில் உட்கார்ந்திருந்த வள்ளித்தாயைப் பார்த்து, தன் தொழிலில் இத்தனை வருடத்தில் தன்னை இவ்வளவு நன்றாக ஏமாற்றியவர் யாரும் இல்லை என்றார். கையெழுத்துப் போட்ட தாளை என்னிடம் கொடுத்தார்.

பத்தே நாளில் தெருவுக்கு அதிகாரிகள் வந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்பது வருவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்திருந்தது. ஏஜெண்டு காகிதத்தை நிறுத்தினான், சரியாகத் தீபாவளிக்கு முன்னால். ஆலை வேனில் வள்ளித்தாய் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. முகாம் சேதியைச் சொன்ன பஞ்சம்மாள்கூட உட்காரவில்லை. தண்ணீர்க் குழாயில் இவள் குடத்தை ஒதுக்கி வைத்தார்கள். சங்கிலிமுத்து நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பிள்ளைக்கு ஒரு தகரப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, அப்போதும் பேசாமல் படுத்துக்கொண்டான். பிள்ளைகள் வேலை பார்ப்பது சரியா என்று என்னைக் கேட்டால் தப்பு என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தத் தீபாவளிக்குப் பதிமூன்று வீட்டில் பலகாரம் இல்லாமல் போனதற்கு இவளை நிற்க வைத்துப் பேசியபோது, எனக்குத் தெருவின் மேலும் கோபம் வந்தது, என் மேலும் வந்தது. அன்று நான் வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் பெயர் ஜூலையிலேயே ஏறியிருக்கும். முகாமுக்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு ஃபைல்காரர்கள் மேலிருந்த பயமும் போயிருக்கும்.

தீபாவளி கழிந்த திங்கட்கிழமை மூவரும் மதுரைக்குப் போனோம். சங்கிலிமுத்து வரவில்லை. விடுதிப் பொறுப்பாளர் அம்மாள் பிள்ளையைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, படுக்கையைக் காட்டி, சாப்பாட்டு நேரம் சொன்னார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் செல்வலட்சுமி தாகமாக இருக்கிறது என்று சொன்னது அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. இரண்டாவது முறை சொன்னதும் புரியவில்லை. கழிவறைக்குக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டார்.

வள்ளித்தாய் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கிளம்ப மாட்டேன் என்றாள். ஒன்பது வருடமாக அந்தப் பிள்ளை சொல்வது அவள் ஒருத்திக்குத்தான் புரியும். வயிறு வலித்தால், ராத்திரி பயந்தால், யாரிடம் சொல்லும்? நான் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறேன், படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தகரப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். பதிமூன்று வீட்டுப் பகையைச் சம்பாதித்தது இதற்காகத்தானா என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. அவள் காதில் அது விழவேயில்லை.

செல்வலட்சுமி நாற்காலியிலிருந்து குழறினாள். நீளமாக ஏதோ சொன்னாள், கழுத்து நரம்பு புடைக்க. வள்ளித்தாய் கேட்டாள். பெட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். விடுதி அம்மாள் என்னைப் பார்த்தார். நான் குனிந்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

முந்தானைக்குள்ளிருந்தே அவள் சொன்னாள்:

"'நீ மட்டும் பொறக்கும்போதே எம் பேச்சத் தெரிஞ்சா வச்சிருந்த? நீ கத்துக்கிட்டேல்லா, அவுகளும் கத்துக்கிடுவாக. நீ போ'ங்கா டீச்சர்."